கேட்காமலே கிடைக்க வேண்டியவை

ஒரு வேலையிடம் எப்படிப்பட்டது என்று அறிய நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இங்கே வேலை செய்கிறவர் எதற்கெல்லாம் இன்னொருவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது? குடிதண்ணீருக்கா? ஒன்றுக்குப் போகவா? கால் வலித்தால் ஐந்து நிமிடம் உட்காரவா? உழைத்து முடித்த மாதத்தின் சம்பளத்துக்கா? இந்தப் பட்டியல் நீளமாக இருக்கும் இடத்தில் வருஷம் ஒருமுறை ஆயுதபூஜைக்குப் பொரியும் சட்டைத்துணியும் கொடுத்து எதையும் ஈடுகட்டிவிட முடியாது.

பாலசமுத்திரம் போன்ற எல்லையோர ஊர்களில் ஐந்து பேரையோ ஐம்பது பேரையோ வைத்துத் தொழில் நடத்துகிறவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை ஒட்டியிருக்கும் மண்டலம் இது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்திலும் ஆபீசிலும் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள் நிறைந்த பகுதி. சுற்றிலும் உள்ள தொழில்களும் அப்படிக் கலந்தவைதான். நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறி. சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஆலைகள். ஊரார் வாயில் அது ஜூஸ் ஃபேக்டரி. கரும்பு விளையும் இடங்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை, ஆங்காங்கே அரிசி ஆலை, கிரானைட் பட்டறை, துணிக்கடை, செங்கல் சூளை. பெரிய கம்பெனி வேலை என்றால் சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டி. அங்கே 2015 முதல் செல்போன் பூட்டும் வேலை நடக்கிறது. அந்த வேலையில் பெரும்பாலும் இளம்பெண்கள்.

இந்தப் பகுதி முதலாளிகளிடம் பேசினால் தவறாமல் வரும் புகார், “ஆள் கிடைக்க மாட்டேங்குது.” ஆள் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிறார்கள். உள்ளூர் வேலையை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டால் முதலில் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். பேச்சு கொஞ்சம் நீண்டால் மற்றதும் வெளியே வரும். அங்கே பாத்ரூம் இருக்கிறது. இங்கே மேஸ்திரி வாயில் கெட்ட வார்த்தை. இங்கே நாலு தடவை போய் நின்றால்தான் காசு. சம்பளத்தில் பெரிய கம்பெனியோடு போட்டி போட உங்களால் முடியாமல் போகலாம். மற்ற மூன்றும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

தண்ணீரும் கழிப்பறையும்

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள் என்பதற்காகவே இதை முதலில் வைக்கிறேன்.

கழிப்பறை சரியில்லாத இடத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் வீட்டிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். டீ வந்தால் வேண்டாம் என்பார்கள். சாப்பிட்ட பிறகும் ரெண்டு மடக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். ராயலசீமை வெயிலில், ஓடு வேய்ந்த தறிக்கூடத்திலோ பாய்லர் பக்கத்திலோ எட்டு மணி நேரம் இப்படி இருந்தால் உடம்பு என்ன ஆகும்? நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, தலைவலி, மயக்கம், நாளடைவில் சிறுநீரகக் கல். மாதவிலக்கு நாட்களில் வேலைக்கே வர முடியாது. “இவங்க மாசத்துல ரெண்டு நாள் சொல்லாம நின்னுடறாங்க” என்று அலுத்துக்கொள்ளும் முதலாளி, தன் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

தொழிற்சாலைகளுக்கான விதிகளில் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்ற கணக்கு நெடுங்காலமாக இருக்கிறது. குடிதண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்தும் கழுவும் இடத்திலிருந்தும் ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பதும் அப்படித்தான். உங்கள் இடம் தொழிற்சாலை என்ற கணக்குக்குள் வராத சின்னக் கொட்டகையாக இருந்தாலும் இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிவிட்டால் மட்டும் போதாது. பெண்கள் கழிப்பறையின் கதவு, ஆண்கள் நின்று பீடி குடிக்கும் இடத்தைப் பார்த்தபடி இருந்தால் அது யாருக்கும் பயன்படாது. உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, நாள் முழுக்கத் தண்ணீர், வாளி, மக், சோப்பு, பையை மாட்ட ஓர் ஆணி, மூடி போட்ட குப்பைக் கூடை, இவ்வளவும் வேண்டும். சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில் இருக்கவே கூடாது. சில இடங்களில் டோக்கன் கொடுத்து, போய்வரும் நிமிடத்தை நோட்டில் எழுதுகிறார்கள். வளர்ந்த மனிதரை இதைவிடச் சிறுமைப்படுத்தும் வழக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை, உடனே நிறுத்துங்கள். இயந்திரத்தை விட்டு நகர முடியாத வேலை என்றால், மாற்றிவிட ஓர் ஆளை அமர்த்துவது நிர்வாகத்தின் பொறுப்பு.

யார் சுத்தம் செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை, அவருடைய சாதியைப் பார்த்து, “நீ அதையும் கழுவிட்டுப் போ” என்று சொல்லும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அது தனி வேலை. அதற்குத் தனி ஆள், தனிக் கூலி, கையுறை, கருவி எல்லாம் தர வேண்டும். தண்ணீர்ப் பானை பக்கத்தில் இருக்கும் டம்ளரும் அப்படியே. எல்லோருக்கும் ஒரே டம்ளர் என்று ஆகாத இடத்தில் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இருளர் வீட்டுப் பெண் மட்டும் கையைக் குவித்துக் குடிக்கிறார் என்றால், “அவங்களா பழகிட்டாங்க” என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு. உங்கள் கொட்டகையில் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர் நீங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு உங்கள் தனிக் கழிப்பறையைப் பூட்டிவிட்டு, தொழிலாளர் கழிப்பறையையே பயன்படுத்துங்கள்; தொழிலாளர் குடிக்கும் தண்ணீரையே குடியுங்கள். பெண் தொழிலாளர் பக்கத்தை உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது வந்து பார்க்கட்டும். மாற்ற வேண்டியது என்னவென்று அதற்குமேல் யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

உட்காருதல்

துணிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கும் பெண், இரவு ஒன்பது வரை நிற்கிறார். கடையில் ஆளே இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. கேமராவில் தெரிந்தால் திட்டு. கணுக்கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், இடுப்பு வலி எல்லாம் இந்த வேலையோடு கூடவே வருகின்றன. கேரளம் 2018இல் கடைத் தொழிலாளர் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைப்பெண்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற சட்டம் அது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு கடையிலும் பணியாளர் அமர இருக்கை இருக்க வேண்டும் என்றது. பள்ளிப்பட்டுக் கடைக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர். தமிழ்நாட்டுச் சட்டம் எல்லையைத் தாண்டி வராது என்று இந்தப் பக்கத்துக் கடைக்காரர் காத்திருக்க வேண்டியதில்லை. நின்றபடி வேலை செய்யும் தொழிலாளருக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. நாலு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். போட்டுவிட்டு, “ஆள் இல்லாதப்ப உக்காருங்கம்மா” என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதவரை அந்த ஸ்டூலில் யாரும் உட்கார மாட்டார்கள்.

நேரம்

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27இல் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது வாரம் ஒருநாள் ஓய்வு. சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. பத்து ஆண்டு கழித்து 1918 ஏப்ரலில் சென்னையில் பி அண்ட் சி மில் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோதும், மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பதுதான் முதலில் எழுந்த குரல்களில் ஒன்று. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர் உயிர் விட்ட பிறகுதான் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் அரை மணிச் சாப்பாட்டு நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள். அவற்றை முதலாளியின் தயவு போலக் கொடுப்பது தவறு.

வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தறிக்கூடங்களில் பன்னிரண்டு மணி ஷிப்ட் சாதாரணம். மீட்டர் கணக்கில் கூலி என்பதால், “அவங்களேதான் அதிகம் ஓட்டறாங்க, நான் சொல்லல” என்கிறார் முதலாளி. எட்டு மணி நேர ஓட்டத்தில் குடும்பம் நடத்த முடியாதபடி மீட்டர் விலையை வைத்துவிட்டு, அதை அவருடைய விருப்பம் என்று சொல்வது நியாயமில்லை.

நீண்ட நேர வேலையால் வரும் கேடு சோர்வோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் உலகெங்கும் இறந்தவர்கள் 7,45,000 பேர் என்பது அவர்கள் கணிப்பு. பன்னிரண்டு மணி வீதம் ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். உங்கள் தறிக்காரர் அந்த 55ஐ எப்போதோ தாண்டிவிட்டார்.

லீவும் நேரத்தோடு சேர்ந்ததுதான். ஒரு சுவரில் மாதக் காலண்டரைத் தொங்கவிட்டு, யாருக்கு எந்த நாள் வேண்டுமோ அவரவரே பெயர் எழுதட்டும். ஒரே நாளில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று எல்லை மட்டும் நீங்கள் வையுங்கள். கங்கம்மா ஜாத்திரைக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் திருத்தணி, திருப்பதி பக்கம் எல்லோரும் ஒரே நாளில் கேட்பார்கள். அந்த நாட்களில் ஆலையையே மூடிவிடுவது நல்லது. ஷிப்டை மாற்றிக்கொள்வதைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும். சொல்லிவிட்டுப் போனால் போதும். தன் வேலைமேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது உடம்பையே பாதிக்கும். லண்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், பொறுப்பு மிகுந்த மேலதிகாரிகளைவிட, எதையும் தானாக முடிவு செய்ய முடியாத கீழ்நிலை ஊழியர்களுக்குத்தான் இதய நோய் அதிகம் வந்தது.

காசு

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள். இது சட்டம். வாரக் கூலி என்றால் சனிக்கிழமை மாலை, சந்தைக்குப் போகும் நேரத்துக்கு முன்பாக. தள்ளிப்போகும் என்று தெரிந்தால் இரண்டு நாள் முன்கூட்டியே எல்லோரையும் கூட்டிச் சொல்லி, எந்தத் தேதி என்பதையும் சொல்லுங்கள். தனித்தனியாக வந்து கேட்க வைத்து, பயப்படுகிறவருக்குக் கடைசியாகவும் சத்தம் போடுகிறவருக்கு முதலிலும் கொடுத்தால், அந்த இடத்தில் சத்தம் போடுகிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

சம்பளச் சீட்டில் எத்தனை நாள், எத்தனை மீட்டர், என்ன பிடித்தம் என்பது தொழிலாளர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். மீட்டர் கணக்குக் கூலியில் இன்னொரு சங்கடம். கரண்ட் போனாலோ, பாவு வரத் தாமதமானாலோ, தறி நின்றுவிடும். அவர் காலையிலிருந்து அங்கேயே காத்துக் கிடப்பார். ஆனால் கூலி கிடையாது. காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கூலி நிர்ணயித்துவிடுங்கள், சிறு தொகையாக இருந்தாலும் சரி. தறி நின்ற பயத்தில், ஓடும்போது தலைதெறிக்க ஓட்டி விரலை இழப்பவர்கள் குறைவார்கள்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணம், பிரசவம், வீட்டுக்கூரை என்று முன்பணம் கேட்பார்கள். கொடுப்பதில் தவறில்லை. அதைக் காட்டி, “கட்டிட்டுப் போ” என்று ஆளை நிறுத்தி வைப்பது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டிலிருந்தே அது குற்றம். திருவள்ளூர், வேலூர், சித்தூர் பகுதிகளின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் பலமுறை மீட்கப்பட்டிருக்கின்றன. கடனை எழுத்தில் எழுதி, வட்டியில்லாமல், மாதம் இவ்வளவு என்று பிடித்து, விட்டுப் போனாலும் தவணையில் கட்டலாம் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

மாம்பழ சீசன்

சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வேலையைத் தனியாக எழுத ஒரு காரணம் உண்டு. ஆண்டில் சில வாரம்தான் அது ஓடும். அந்தச் சில வாரத்தில் எல்லாம் அவசரமாகிவிடும். தோத்தாபுரி லாரிகள் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும்போது பழம் வீணாகும் என்ற பதைப்பில் மனிதரை மறந்துவிடுகிறார்கள்.

காம்பு ஒடிக்கும்போது வடியும் பால் தோலில் பட்டால் புண்ணாகும். பழம் பொறுக்கும், வெட்டும் பெண்களின் விரலிடுக்கிலும் முன்கையிலும் சீசன் முழுக்கக் கறுத்த தழும்பு இருப்பதைப் பார்க்கலாம். கையுறை கொடுக்கிறோம் என்பார்கள். பெரிய ஆண்கள் அளவுக் கையுறை ஒரு பெட்டி வாங்கி வைத்திருப்பார்கள். சின்னக் கைக்கு அது வழுக்கும், கத்தி பிடிக்க வராது, கழற்றி வைத்துவிடுவார்கள். இரண்டு மூன்று அளவில் வாங்குங்கள். கிழிந்ததைக் காட்டிக் கேட்டால்தான் புதிது என்று வைக்காதீர்கள்; மேசைமேல் பெட்டியைத் திறந்து வையுங்கள். பால் பட்டதும் கழுவிக்கொள்ள வெட்டும் மேசைக்குப் பக்கத்திலேயே சோப்பும் குழாயும் வேண்டும்.

தரை எப்போதும் ஈரம், தோலும் கூழும் கலந்து வழுக்கும். கால் அளவுக்கு ஏற்ற ரப்பர் பூட்ஸ், நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, தண்ணீர் வடிய ஓடை. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் கால்விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். பூட்ஸை அடுத்த ஷிப்டுக்காரருக்கு மாற்றிக் கொடுத்தால் அது பரவும். ஆளுக்கு ஒரு ஜோடி, பெயர் எழுதி. பாய்லர், கூழ் காய்ச்சும் பக்கம் வேலை செய்பவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை வெளியே மாற்றிவிட்டு, மோரும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் அவர்கள் நிற்கும் இடத்துக்கே அனுப்புங்கள்.

இராத்திரி ஷிப்டுக்குப் பெண்களை எடுத்தால் அவர்கள் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வண்டியும் வேண்டும். இது சட்டத்தின் நிபந்தனை. வண்டி என்பது ஊர் முனை வரை வந்து திரும்புவதல்ல. பாலசமுத்திரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீடு இருட்டில் நெடுந்தூரம் இருக்கும். வீட்டு வாசல் வரை கொண்டு விட வேண்டும்.

முதலுதவிப் பெட்டி பெரும்பாலும் மேனேஜர் மேசை டிராயரில், பூட்டில் இருக்கும். இராத்திரி இரண்டு மணிக்கு விரல் வெட்டுப்பட்டவர் யாரிடம் போய்ச் சாவி கேட்பார்? சுவரில் மாட்டுங்கள். சீசனுக்குச் சீசன் ஆள் மாறுவதால், போன வருஷம் சொன்னதை இந்த வருஷமும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். மேஸ்திரி மூலம் வந்த ஆட்கள் என்பதால் அவர்கள் கூலி மேஸ்திரி பொறுப்பு என்று கைகழுவ முடியாது. அவர் கொடுக்காமல் போனால் கொடுக்க வேண்டியவர் ஆலைக்காரர்.

மற்றத் தொழில்களில் சூடு, ஈரம் போலவே தூசியும் சத்தமும் கேடு. தறிச் சத்தம் எட்டு மணி நேரத்துக்கான 90 டெசிபல் எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். போன காது திரும்பாது. காதடைப்பான், தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறிகளை ரப்பர் கட்டைமேல் நிறுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கொஞ்சம் குறையும். கிரானைட் அறுக்கும் பட்டறையில் தண்ணீர் ஊற்றாமல் அறுக்கவே விடாதீர்கள். அந்தத் தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸுக்கு மருந்தில்லை. திருப்பதி பக்கத்துக் கரகம்பாடி போல பேட்டரித் தொழில் வளர்ந்த இடங்களில் ஈயம்: குளித்து உடை மாற்றாமல் வீட்டுக்குப் போனால் அது பிள்ளைகள்வரை போகும்.

வாய் திறக்க முடிகிற இடம்

இதுவரை சொன்னவை கேட்காமலே கிடைக்க வேண்டியவை. இவற்றையெல்லாம் செய்த பிறகும் உங்களுக்குத் தெரியாத குறை இருக்கும். அதை உங்களிடம் சொல்ல ஒருவர் பயப்படாமல் வர வேண்டும்.

2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 250க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரி 12இல்தான் திறந்தது. உலகத்தின் விலை உயர்ந்த போனைச் செய்யும் இடத்தில், சோற்றையும் படுக்கும் இடத்தையும் பற்றிய குறை ரோட்டுக்கு வந்த பிறகுதான் மேலே கேட்டது. சோறு கெடுவதற்கு முன்னால் அது சரியில்லை என்று விடுதியில் யாராவது முணுமுணுத்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்த முணுமுணுப்பைக் கேட்க ஒரு காது இருந்திருக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் ஓர் ஆயத்த ஆடை ஆலையின் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றதால் 2022 ஏப்ரலில் ஆலையின் தாய் நிறுவனத்தோடும் துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் நமக்குப் பயன்படும் பகுதி ஒன்று உண்டு. 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளரிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுத்த பெண்கள் வேலைத்தளத்தைக் கவனிக்க வேண்டும் என்பது அது. சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசினால் அன்றே அவர்களிடம் சொல்லலாம். குறை சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். பதினைந்து பேர் வேலை செய்யும் உங்கள் கூடத்துக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது. நீங்கள் நியமிக்காத, அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் மட்டும் கட்டாயம் தேவை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்குழு 2013 சட்டப்படி கட்டாயம். மூத்த பெண் ஒருவர் தலைமை, உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துக்குக் குறைவான இடத்துப் பெண்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அந்தக் குழுவின் விவரத்தைப் பெண்கள் கழிப்பறைச் சுவரின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் நின்று படிக்க முடியும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் ஒன்று. இருபத்திரண்டு வயது சூப்பர்வைசர், தன் அம்மா வயதுப் பெண்ணை “ஏய், வா போ” என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அதே பையன் ஆபீசுக்கு வந்த ஏஜென்டை “சார்” என்கிறான். தமிழிலும் தெலுங்கிலும் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே அவமரியாதையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் உறைக்கும். உங்கள் கூடத்தில் எல்லோரும் “அக்கா, அண்ணா, வாங்க, போங்க” என்றே பேச வேண்டும் என்று விதி வையுங்கள். முதலில் நீங்கள் அப்படிப் பேசுங்கள்.

எழுத்திலும் கவனம் வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் தெலுங்கில் மட்டும் இருக்கும். இளையவர்கள் தெலுங்கு படிப்பார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வயதான பெண்கள் சிலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டு மொழியும் அந்நியம். இரண்டு எழுத்திலும் எழுதுங்கள், படம் போடுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

ஹார்வர்டில் கற்பிக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். நன்றாக நடக்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை. நடந்ததைச் சொல்ல ஆட்கள் பயப்படவில்லை. ஆகவே உங்கள் இடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒரு குறையும் வரவில்லை என்றால் நிம்மதி கொள்ளாதீர்கள். முதலில் வரும் குறை பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும்: ஃபேன் சத்தம் போடுகிறது, டீ ஆறிப்போகிறது. அதை அன்றே சரிசெய்யுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பெரிய குறை வாய் திறக்கும்.

நோயும் விட்டுப் போவதும்

பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பொருந்தும். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். நோய்ப்பட்டு வீட்டில் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. திருப்பதியில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. பணம் கட்டிவிட்டு அட்டையை எடுத்துக் கொடுக்காத முதலாளிகள் பலர். எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தொழிலாளருக்கு எந்த டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும் என்பதே தெரியாது. ஆளை அனுப்பி ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஒருவர் வேலையை விட்டுப் போகிறேன் என்றால், கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துக் கையில் கொடுங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அப்படித்தான் சொல்கிறது. “அடுத்த மாசம் வா” என்று இழுத்தால், மீதி இருப்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு, அதற்கு முன்னால் அல்ல, ஆபீசுக்கு வெளியே நின்று, “இங்க எது கஷ்டமா இருந்துச்சும்மா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதற்குப் பதில் சொல்லாதீர்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். எழுதி வைத்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அதில் ஒன்றையாவது மாற்றிவிடுங்கள்.